கைவிடாத மேய்ப்பர்

(அர்ச். யோசேப் வாஸ் சுவாமியாரின் சரித்திரச் சுருக்கம்)



ஒரு காரியத்துக்காக நீங்கள் எத்தனை நாள் செபித்திருப்பீர்கள்? முதலில் ஒரு நவநாள். பலன் காணாவிட்டால் இன்னொரு நவநாள். பிறகு ஒரு யாத்திரை, ஒரு நேர்த்திக்கடன். வருஷம் ஒன்று போகும், இரண்டு போகும். பிள்ளைக்கு வேலை கிடைத்திராது. நோயாளி எழுந்திருக்க மாட்டார். கடன் வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும். வாய் செபத்தைச் சொல்லும், மனமோ சோர்ந்து கிடக்கும். சர்வேசுரன் நம்மை மறந்துவிட்டாரோ என்ற எண்ணம் மெல்ல எட்டிப் பார்க்கும். வெளியே சொல்ல மாட்டோம். ஆனால் இரவில் விளக்கை அணைத்தபின் அந்த எண்ணம் வராத வீடு நமது பங்கில் எத்தனை?

அப்படிப்பட்ட வீட்டாருக்காகவே இன்று இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறோம். இது 29 ஆண்டு ஒரு குருவானவருக்காகக் காத்திருந்த கிறிஸ்தவ மந்தையின் கதை. அந்த மந்தையைத் தேடிப் போன ஒரு மேய்ப்பரின் கதையும் கூட.

காத்திருந்தவர்கள்

இலங்கைத் தீவின் கரையோர நாடுகள் முன்னே போர்த்துக்கீசர் ஆளுகையில் இருந்தன. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஊருக்கு ஊர் கோவில்கள் இருந்தன, குருக்கள் இருந்தார்கள், ஞாயிறுதோறும் மணி அடித்தது. 1656-ம் ஆண்டில் கொழும்பும், 1658-ம் ஆண்டில் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைவசமாயின. ஒல்லாந்தர் கல்வீனின் போதகத்தைப் பின்பற்றியவர்கள். கத்தோலிக்கரைப் போர்த்துக்கீசரின் ஆட்கள் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். ஆகையால் குருக்களை நாட்டைவிட்டே அகற்றினார்கள். கோவில்களைத் தங்கள் வழிபாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு குருவானவரை வீட்டில் ஒளித்துவைப்பவனுக்கு மரண தண்டனை என்று பறைசாற்றினார்கள்.

அந்த நாட்களில் ஒரு தகப்பனுடைய நிலைமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குழந்தை பிறந்தால் ஒல்லாந்தருடைய கோவிலில் பதிய வேண்டும். கலியாணம் செய்தால் அதையும் அங்கேயே பதிய வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்துக்கு முன் செல்லாது. சொத்துரிமைக்கும் இடையூறு வரும். ஆகவே பகலில் அங்கே பேரைப் பதிந்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்குப் பூசை இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆள் இல்லை. சாகிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஒல்லாந்தர் வந்த வருஷத்தில் பிறந்த குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, தானும் பிள்ளை பெற்றது. ஆனால் பலிபீடத்தண்டை நிற்கும் ஒரு குருவானவரை அது கண்ணால் கண்டதில்லை.

மீதியாயிருந்தது ஒன்றே: தாயும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த செபம். ஒளித்துவைத்த செபமாலை.

முந்திப் புறப்பட்ட உத்தரம்

இனி கடலுக்கு அப்பால், மேற்குக் கரையிலுள்ள கோவா நாட்டுக்கு வாருங்கள். அங்கே பெனாலிம் என்னும் ஊரில், 1651-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, ஒரு பக்தியுள்ள கொங்கணிக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் கிறிஸ்தோபர் வாஸ். தாயார் மரிய மிராந்தா. குழந்தைக்கு யோசேப் என்று பேரிட்டார்கள்.

இந்தத் தேதியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் தங்கள் குருக்களை இழந்து அழுத 1658-ம் ஆண்டில் இந்தச் சிறுவனுக்கு ஏழு வயது. அங்கே அவர்கள் விண்ணப்பம் இன்னும் வாயைவிட்டுப் புறப்படுமுன்னே, இங்கே அதற்கு உத்தரம் எழுத்துப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது தெரியாது. அந்தச் சிறுவனுக்கும் தெரியாது. சர்வேசுரன் ஒருவருக்கே தெரியும். அவருடைய பிரமாணிக்கம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்புகிறவர்கள் இந்த ஒரு காரியத்தைத் தியானித்தால் போதும்.

யோசேப் கோவாவில் கல்வி கற்று, 1676-ம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார். ஏழைகளைப்போல் வெறுங்காலோடு நடப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். மறு ஆண்டில், தம்மைத் தேவமாதாவின் அடிமை என்று எழுதிக் கையொப்பமிட்டு மாதாவுக்கு ஒப்புக்கொடுத்தார். இலங்கையில் மேய்ப்பனற்றுத் தவிக்கும் ஆடுகளைப்பற்றி அவர் கேள்விப்பட்டபோது, அவருடைய நெஞ்சம் அங்கேயே போய்விட்டது. என்னை அனுப்புங்கள் என்று மேலதிகாரிகளிடம் மன்றாடினார்.

அனுப்பவில்லை. 1681-ம் ஆண்டில் அவரைக் கன்னட நாட்டுக் கரையோரத்துக்குத் தலைமைக் குருவாக அனுப்பினார்கள். அங்கே திருச்சபை அதிகாரிகளுக்குள்ளேயே அதிகார எல்லைபற்றிய பிணக்கு இருந்தது. விசுவாசிகள் இரண்டு பட்டு நின்றார்கள். தாம் கேட்ட வேலை ஒன்று, கிடைத்த வேலை வேறு. ஆயினும் முணுமுணுக்காமல் மூன்று வருஷம் உழைத்தார். இடிந்த கோவில்களை எடுப்பித்தார், சிறுவர்களுக்குப் பள்ளி வைத்தார், பிணக்குற்றவர்களைச் சமாதானப்படுத்தினார். 1684-ல் கோவா திரும்பினார். மறு ஆண்டில் அங்கே ஒன்றாக வாழத் தொடங்கியிருந்த சில இந்தியக் குருக்களோடு சேர்ந்தார். அவர்கள் அவரையே தங்களுக்குத் தலைவராக்கினார்கள். அந்தச் சிறு கூட்டமே அர்ச். பிலிப்பு நேரியாரின் ஒழுங்கைத் தழுவி, கோவாவின் ஓரத்தோரியார் சபையாயிற்று. இலங்கைக்குப் போகக் கூடாமற்போன அந்த வருஷங்கள் வீண்போன வருஷங்கள் என்று அவருக்கே தோன்றியிருக்கலாம். ஆனால் பிற்காலத்தில் இலங்கைக்குக் குருக்களை அனுப்பிக்கொண்டேயிருந்தது அந்தச் சபைதான். அவர் உடனே போயிருந்தால், அவருக்குப் பின்னே வர ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

பிச்சைக்காரர் கோலம்

1686-ம் ஆண்டில் தலைமைப் பதவியை விட்டுவிட்டுப் புறப்பட்டார். மலையாளக் கரைவழியே நடந்து தூத்துக்குடி சேர்ந்து, 1687-ல் அங்கிருந்து கடலேறினார். புயல் மரக்கலத்தை அலைக்கழித்தது. கடைசியாக யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தபோது, கடுமையான வயிற்றுக்கடுப்பினால் நிற்கவும் பலனில்லாதிருந்தார். பத்து வருஷமாக ஏங்கி வந்த நாட்டில் காலை வைத்தவுடன் அவருக்குக் கிடைத்தது படுக்கைகூட இல்லாத நோய்! பிழைத்ததே பெரிது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஒரு கேள்வி முன்னே நின்றது. யார் கத்தோலிக்கர்? யாரைக் கேட்பது? தவறான ஒருவரிடம் வாய்விட்டால், தமக்கு மட்டுமல்ல, உண்மையான விசுவாசிகளுக்கும் ஆபத்து. அப்போது அவர் செய்த யுக்தி இது. கந்தை உடுத்து, பெரிய செபமாலை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார். பலர் பிச்சை இட்டார்கள், சிலர் விரட்டினார்கள். அந்தச் செபமாலையைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர்களையோ அவர் கவனித்துவைத்துக்கொண்டார். நாள் பார்த்து, தாம் ஒரு குருவானவர் என்று அவர்களிடம் வெளிப்படுத்தினார்.

பிரியமானவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். 29 ஆண்டு இருட்டிலே அவர்கள் ஏன் செபமாலையை உருட்டினார்கள்? ஒருவரும் கேளாததுபோலிருந்த செபம் அது. ஒரு தலைமுறை அதைச் சொல்லிச் சொல்லியே கண் மூடிற்று. ஆனால் குருவானவர் வந்தபோது, அவர்களைக் கண்டுபிடிக்க அவருக்கு வேறு அடையாளமே இல்லை. கோவில் இல்லை, மணி இல்லை, பங்குப் புத்தகம் இல்லை. சோர்வின் காலத்தில் அவர்கள் கைவிடாதிருந்த அந்தச் சின்ன மணிமாலையே மேய்ப்பனுக்கு வழிகாட்டியது. செபமாலையை எறிந்துவிட்ட வீட்டின் முன்னே அவர் பிச்சை கேட்டு நின்றிருப்பார்; பிறகு கடந்து போயிருப்பார்.

சில்லாலை என்னும் கத்தோலிக்க ஊரில் அவர் தங்கி, இரவிலே ஊர் ஊராகப் போனார். பொழுது விடியுமுன் பூசை. அதற்கு முன்னே பாவசங்கீர்த்தனம், ஞானஸ்நானம், பல வருஷமாக முறையின்றி நின்ற விவாகங்களை மந்திரித்தல். நரைத்த தலைகள் வாலிபத்துக்குப்பின் முதல்முறையாக நற்கருணை வாங்கின. தமிழ் மொழியை அவர் நன்றாகக் கற்று, அந்த மொழியிலேயே போதித்தார்.

அவர் பட்ட துயரம்

எல்லாம் இன்பமாக முடிந்தது என்று நினையாதேயுங்கள். அவர் வந்த செய்தி கசிந்தது. ஒல்லாந்த அதிகாரிகள் வேட்டையாடத் தொடங்கினார்கள். கிறிஸ்மஸ் இரவில் பூசைக்குக் கூடியிருந்த கத்தோலிக்கரைப் படைவீரர் சூழ்ந்து பிடித்தார்கள். சுவாமியார் தப்பினார். பிடிபட்டவர்களில் சிலர் கொடிய அடி பட்டார்கள். சங்கிலி பூட்டிக் கடின வேலைக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆறுதல் சொல்ல வந்தவரால் ஆடுகளுக்கே அடி விழுந்தது! ஒரு குருவானவருடைய இருதயத்துக்கு இதைவிட வேதனை ஏது? தாம் வராதிருந்தால் இவர்கள் தங்கள் வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பார்களே என்று கலங்க அவருக்குக் காரணம் இருந்தது. அவர் யாழ்ப்பாணத்தைவிட்டு, கண்டி அரசருடைய ஆளுகையிலிருந்த புத்தளத்துக்கு 1690-ல் போனார். ஓடிப்போகவில்லை, மந்தைக்கு மேலும் அடி விழாதபடி இடம் மாறினார். பின்னும் மாறுவேடத்தில் ஒல்லாந்தர் நாட்டுக்குள் வந்து போய்க்கொண்டே இருந்தார்.

1692-ல் தலைநகராகிய கண்டிக்குப் போனார். கண்டி அரசர் பௌத்தர், ஒல்லாந்தருக்கு அடங்காதவர். அங்கே சுதந்திரமாக ஊழியம் செய்யலாம் என்பது நம்பிக்கை. ஆனால் அரண்மனையில் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு பிரெஞ்சு நாட்டுக் கல்வீனியர், இவர் போர்த்துக்கீசரின் வேவுகாரர் என்று அரசரிடம் முன்னறிவித்துவிட்டார். நகரை அடைந்ததும், இன்னும் இரண்டு கத்தோலிக்கரோடு அவரைச் சிறையில் தள்ளினார்கள்.

இப்போது எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் மூடியாயிற்று. கண்டியில் சிறை. கோவாவிலிருந்து உதவிக்கு ஒருவரும் இன்னும் வரவில்லை. தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குருவானவர், அவரும் காவலில். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு அவருக்குத் துணைக்குருவானவர் என்று ஒருவர் வரவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்டு மற்றவர்களுக்கு ஆறுதல் கொடுத்தவர், தமது சங்கீர்த்தனத்தைச் சொல்ல ஒரு குருவானவர் இல்லாமல் இருந்தார்.

சிறைக்குள் அவர் என்ன செய்தார்? சிங்கள மொழி கற்றார். செபித்தார். காவலருக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. நாளாவட்டத்தில் கட்டுக்காவல் தளர்ந்தது. இருந்த இடத்திலேயே ஓலைக் கொட்டில் ஒன்று எழுந்து, சிறு கோவிலாயிற்று. பிறகு தேவமாதாவின் பேரால் ஒரு கோவிலே கண்டியில் உண்டாயிற்று. அவரைப் பூட்டிவைத்த நகரமே அவருடைய வேதபோதகத்துக்கு நடுவிடமாயிற்று. தாமாகத் தெரிந்துகொண்டிருந்தால் இதைவிட நல்ல இடம் கிடைத்திராது. ஏனெனில் ஒல்லாந்தரின் கை அங்கே எட்டாது.

1696-ம் ஆண்டில் நாட்டில் கொடிய வறட்சி உண்டாயிற்று. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் கேட்டுக்கொண்டபடி, சுவாமியார் வெட்டவெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி முழங்காலில் நின்று செபித்தார் என்றும், மழை பெருமழையாகப் பெய்தது என்றும் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அரசர் அவருக்குப் போதிக்கும் சுதந்திரம் அளித்தார்.

அடுத்த ஆண்டே கண்டியில் வைசூரி புகுந்தது. பயந்த சனங்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினார்கள். இதற்குள் கோவாவிலிருந்து வந்துசேர்ந்திருந்த அவருடைய மருமகனாகிய யோசேப் கர்வால்யோ சுவாமியாரும் அவரும் நகரில் தங்கினார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் கொட்டில் கட்டிக் கொடுத்தார்கள், கஞ்சி காய்ச்சி ஊட்டினார்கள், புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களைச் சுமந்து அடக்கம் செய்தார்கள். மதம் என்ன என்று கேட்டுச் செய்யவில்லை. வேவுகாரர் என்று சிறையிலிட்டவர்களின் சனத்துக்கே அவர் பணிவிடை செய்தார்.

கண்டதும் காணாததும்

பிறகு குருக்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 1705-ல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியார் தமிழிலும் சிங்களத்திலும் அநேக நூல்களை எழுதினார். தபசு காலத்தில் வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியதே. ஒற்றை ஆளாய் நின்ற யோசேப் வாஸ் சுவாமியார், தம் கண்ணாலேயே தீவின் பல பாகங்களிலும் குருக்களை நிறுத்திவிட்டு, 1711-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி, தமது 59-ம் வயதில், கண்டியில் மரித்தார்.

ஆயினும் அவர் காணாதது ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கு விடுதலை வந்ததை அவர் காணவில்லை. ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது 1796-ல். கத்தோலிக்கருக்கு விரோதமான சட்டங்கள் நீங்கியது 1806-ல். அதாவது, அவர் இறந்து 95 ஆண்டுக்குப்பின். அவருடைய கல்லறையும் பின்வந்த கலகங்களில் அடையாளமில்லாமற்போயிற்று. கோவில் கட்டி, கொடியேற்றி, பலன் கண்டு மகிழ்ந்து மரித்தவர் அல்ல அவர். விதைத்துவிட்டுப் போனவர்.

2015-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, கொழும்பு காலிமுகத் திடலில், எண்ணற்ற சனங்களின் முன்னிலையில், பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டர் என்று பிரசித்தப்படுத்தினார். அன்றைக்கே அவர் வடக்கே மடுமாதா கோவிலுக்கும் போனார். வேதகலாபனைக் காலத்தில் மாந்தைக் கத்தோலிக்கர் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஒதுங்கினார்கள் என்பது அந்த இடத்தைப்பற்றிய வழிவழிச் செய்தி. ஒளிந்தவர்களின் காட்டுக்குப் பாப்பரசரே தேடி வந்தார்!

நமக்கு

ஒருவேளை உங்களில் யாராவது கேட்கலாம்: குருவானவர் வருமுன்னே, அந்த 29 ஆண்டுக்குள் செத்துப்போனவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைச் சர்வேசுரன் கைவிட்டாரா? நல்ல கேள்விதான், மறைக்க வேண்டியதல்ல. அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் கேட்கப்பட்டவரோ அவர்களோடேயே இருந்தார். குருவானவர் இல்லாத வீட்டில் பாட்டி ஒருத்தி பேரப்பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடப் பழக்கினாளே, அந்தக் கையை அசைத்தது யாருடைய வரப்பிரசாதம்? அவள் நற்கருணை வாங்காமலே இறந்தாள். அவள் பேரன் வாங்கினான். அவள் விடாது பிடித்த நூலின் மறுமுனையைச் சர்வேசுரன் பிடித்திருந்தார்.

சர்வேசுரன் நமது துன்பத்தின் நாட்களைக் குறைப்பதாக எல்லோருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கைவிடுவதில்லை என்றுதான் வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய உத்தரம் எங்கேயோ, நமக்குத் தெரியாத ஊரில், ஏழு வயதுப் பிள்ளையாக நடந்துகொண்டிருக்கலாம். அது வந்துசேரும் நாளில் நம்மைக் கண்டுகொள்ள, நம் வீட்டில் ஓர் அடையாளம் இருக்க வேண்டாமா?

ஆகையால், மனம் சோர்ந்திருக்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, பெரிய காரியம் ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை. இன்றிரவு விளக்கேற்றி, பிள்ளைகளைக் கூட்டி, செபமாலையைக் கையில் எடுங்கள். மனம் ஒட்டாவிட்டாலும் சொல்லுங்கள். பராக்கு வந்தாலும் சொல்லுங்கள். பலன் தெரியாவிட்டாலும் நாளைக்கும் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னவர்களும் இப்படித்தான் சொன்னார்கள்.

வாசலில் யாரோ வந்து நிற்கும் நாள் வரும். அன்றைக்கு அந்த மணிமாலை நம் வீட்டில் இருக்கட்டும்.

அர்ச். யோசேப் வாஸ் சுவாமியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.